தனியாள் கடலோட்டமும் நீர்ச்சிறகும்

நீர்ச்சிறகு என்பது விரைந்து செல்லும் படகின் உடலை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் சிறகு வடிவப் பலகை. படகுத் துறையினர் இதை ஃபாயில் என்கிறார்கள். ஒருவர் மட்டுமே ஓட்டிச் செல்லும் உலகச் சுற்றுப் பந்தயங்களுக்கான படகுகளில் இந்தச் சிறகு 2015-ல் பொருத்தப்பட்டது. பத்தே ஆண்டுகளில் படகின் வேகத்தையும் அமைப்பையும் மட்டுமல்லாமல், படகோட்டி எப்படித் தூங்குகிறார், எதைக் கண்டு அஞ்சுகிறார் என்பதையும் அது மாற்றிவிட்டது.

உலகைத் தனியாக, எங்கும் நிற்காமல் சுற்றிவரும் முதல் பந்தயத்தில் 1969-ல் வென்றவருக்கு 312 நாள் பிடித்தது. 2025-ல் வென்றவருக்கு 64 நாள். வித்தியாசம் முழுவதையும் சிறகின் கணக்கில் எழுதிவிட முடியாது. கார்பன் இழையால் ஆன இலேசான உடல், செயற்கைக்கோள் வழி வானிலைக் கணிப்பு, தானியங்கிச் சுக்கான் ஆகியவையும் நாள்களைக் குறைத்தன.

இந்த வரலாற்றில் இந்தியாவின் இடம் சற்று விசித்திரமானது. முதல் பந்தயத்தை வென்ற படகு பம்பாயில் கட்டப்பட்டது. ஆனால் சிறகு பூட்டிய படகுகள் ஓடும் உலகச் சுற்றுப் பந்தயத்தில் 2024-25 வரை ஓர் இந்தியர்கூடக் கலந்துகொண்டதில்லை. இந்தியர்களின் தனிக் கடலோட்டம் சிறகில்லாத பழைய வழியிலேயே வளர்ந்தது. அந்த வழியிலும் அவர்கள் உலக அளவில் இரண்டாம் இடம்வரை வந்தார்கள்.

பம்பாயில் பிறந்த சுஹைலி

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தில் அதிகாரியாக இருந்தவர். 1960-களின் தொடக்கத்தில் பம்பாயில் தேக்கு மரத்தால் ஒரு சிறு பாய்மரப் படகைக் கட்டுவித்தார். அதன் நீளம் 32 அடி. பெயர் சுஹைலி. வரைபடம் அப்போதே பழமையானது. முன்னும் பின்னும் கூர்த்த கனமான உடல், நீளம் முழுவதும் ஓடும் ஏரா, இரண்டு பாய்மரங்கள் கொண்ட அமைப்பு. வேகத்துக்குப் பெயர்போன படகு அல்ல அது.

1968-ல் லண்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை கோல்டன் குளோப் பந்தயத்தை அறிவித்தது. ஒன்பது பேர் புறப்பட்டார்கள். 1968 ஜூன் 14-ல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறையிலிருந்து கிளம்பிய நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1969 ஏப்ரல் 22-ல் அதே துறைக்குத் திரும்பினார். பந்தயத்தை முடித்தவர் அவர் ஒருவரே.

மற்ற எட்டுப் பேரில் சிலரின் கதை, பிறகு வரப்போகும் வேகமோகத்துக்கு முன்னறிவிப்பு போலிருக்கிறது. நைஜெல் டெட்லியும் டொனால்ட் குரோஹர்ஸ்டும் மூன்று உடல் கொண்ட இலேசான படகுகளில் போனார்கள். டெட்லியின் படகு சுற்றை ஏறக்குறைய முடித்த நிலையில் உடைந்து மூழ்கியது. காசியாபாத்தில் பிறந்தவரான குரோஹர்ஸ்ட் தன் படகு தென்கடலைத் தாங்காது என்று உணர்ந்து, அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு பொய்யான இருப்பிடங்களை அறிவித்துவந்தார். கடைசியில் படகு மட்டுமே ஆளில்லாமல் மிதந்து கிடைத்தது. வெல்லும் வாய்ப்பிருந்த பெர்னார் மொய்தேசியே பந்தயத்தைத் துறந்து தாஹிதித் தீவுக்குப் போய்விட்டார். மெதுவான தேக்குப் படகு மட்டுமே ஊர் திரும்பியது.

பலகை சிறகான விதம்

பக்கக் காற்றில் ஓடும் எந்தப் பாய்மரக் கலமும் காற்று தள்ளும் திசையில் நழுவும். நழுவாமல் இருக்க நீருக்குள் ஒரு தடுப்பு வேண்டும். பெரிய படகுகளில் ஏரா அந்த வேலையைச் செய்கிறது. ஏரா இல்லாத சோழமண்டலக் கரைக் கட்டுமரங்களில் மீனவர்கள் நீருக்குள் பலகையைச் செருகி நழுவலைத் தடுத்தார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தக் கலங்களை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். நவீனப் பந்தயப் படகின் இருபுறமும் மேலும் கீழும் இழுக்கக்கூடிய செங்குத்துப் பலகைகளும் செய்வது அதே வேலைதான். நீர்ச்சிறகின் நேர் மூதாதை இந்தப் பலகையே. நேராக நின்ற பலகையைச் சாய்த்தும் வளைத்தும் வைத்தபோது அது நழுவலைத் தடுப்பதோடு படகை மேலேயும் தூக்கத் தொடங்கியது.

தூக்கும் விசையைப் புரிந்துகொள்ளக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் வழியாக உத்திரமேரூர் போகும் பேருந்தில், சன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டிக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, கை தானாக மேலே எழுவதை ரசித்து நடத்துநரிடம் ஏச்சு வாங்கிய எந்தச் சிறுவனுக்கும் அது தெரியும். பேருந்து மெதுவாகப் போனால் கை எழாது. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது என்பதால், சில மீட்டர் நீளமுள்ள பலகையே எட்டு, ஒன்பது டன் எடையுள்ள படகைத் தூக்கப் போதுமானதாகிறது.

தூக்குவதால் இரண்டு ஆதாயம் உண்டு. உடல் நீரைவிட்டு எழும்போது உராய்வும் அலையைக் கிழிக்கும் செலவும் குறைகின்றன. காற்றால் சாயும் பக்கத்துச் சிறகு அந்தப் பக்கத்தைத் தாங்கிப் பிடிப்பதால் படகு கூடுதல் பாயைச் சுமக்க முடிகிறது. முன்பு இந்த நிமிர்வுக்காக ஏராவின் அடியில் கனத்த உலோகத்தைத் தொங்கவிட்டார்கள். அதில் ஒரு பங்கை இப்போது வேகமே தருகிறது. ஆனால் வேகம் திடீரென்று குறைந்தால் அந்தத் தாங்கலும் போய்விடும்.

சிறகுகள் கார்பன் இழையால் செய்யப்படுகின்றன. விசை நீளவாக்கில் வருவதால் இழைகளில் பெரும்பகுதியை ஒரே திசையில் அடுக்குகிறார்கள். காஞ்சிபுரம் வட்டாரத் தறிக்காரருக்குச் சொல்வதென்றால், பாவு மட்டும் விரித்து ஊடை ஓட்டாத துணியைப் பல அடுக்குகளாகப் பிசினில் தோய்த்து, அச்சில் அழுத்தி, சூட்டில் இறுக வைப்பது. பாவின் திசையில் எஃகுக்கு ஈடான வலு கிடைக்கும். குறுக்கே வரும் அடி வேறு கதை.

தொடக்கக்காலச் சோதனைகள்

சிறகின் கண்டுபிடிப்பு பாய்மரத்துக்குச் சொந்தமானது அல்ல. இத்தாலியப் பொறியாளர் என்ரிக்கோ ஃபோர்லானினி 1906-ல் மஜோரே ஏரியில் இயந்திரப் படகைச் சிறகின்மேல் ஓட்டிக்காட்டினார். தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லும் கேசி பால்ட்வினும் உருவாக்கிய எச்டி-4 என்ற சிறகுப் படகு 1919-ல் கனடாவில் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு உலக சாதனை படைத்தது.

பாய்மரத்துக்கு இதைக் கொண்டுவருவதில் பெரிய சிக்கல், காற்று சொன்னபடி கேட்காது என்பது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எரிக் தபார்லி 1979-ல் பால் ரிக்கார் என்ற அலுமினிய மூவுடல் படகை இறக்கினார். அதன் பக்க உடல்களில் சாய்வான சிறகுகள் இருந்தன. முழுதாகப் பறக்கும் அளவுக்கு அது இலேசாக இல்லை. ஆனாலும் 1980-ல் அட்லாண்டிக்கை 10 நாளில் கடந்து, 1905 முதல் முறியடிக்கப்படாமலிருந்த 12 நாள் சாதனையை உடைத்தது. தபார்லியின் வழியில் வந்த அலென் தெபோவின் இத்ரோப்தேர் 2009-ல் 500 மீட்டர் தூரத்தில் மணிக்குச் சராசரியாக 51 கடல் மைல் வேகம் கண்டது. 2013 அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்தில் ஈருடல் படகுகள் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபின், இது சில ஆர்வலர்களின் விளையாட்டு என்று யாரும் சொல்லவில்லை.

எனினும் இவையெல்லாம் பலர் சேர்ந்து ஓட்டிய படகுகள், அல்லது சில நிமிட ஓட்டங்கள். ஒருவர் மட்டும் உள்ள படகில் மூன்று மாதம் தென்கடலில் சிறகு தாங்குமா என்பது தனிக் கேள்வி.

வாந்தே குளோப்

பிரான்சின் மேற்குக் கரையில், வாந்தே மாவட்டத்திலுள்ள லே சாப்ல்-தொலோன் துறைமுகத்தில் தொடங்கி அங்கேயே முடியும் வாந்தே குளோப், கோல்டன் குளோபின் வாரிசு. தனியாக, நிற்காமல், வெளியுதவி இல்லாமல் உலகைச் சுற்ற வேண்டும். பிலிப் ஜாந்தோ தொடங்கிய இப்பந்தயம் முதன்முதலில் 1989-ல் நடந்தது. தித்துவான் லமாசு 109 நாளில் வென்றார். 2013-ல் ஃபிரான்சுவா கபார் அதை 78 நாளாக்கினார். இந்தக் குறைப்பு முழுவதும் சிறகு வருவதற்கு முந்தையது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்பந்தயத்தின் படகுகள் இமோக்கா என்ற வகையைச் சேர்ந்தவை. நீளம் 60 அடி. 2015-ல் புதிதாகக் கட்டிய சில படகுகள் மீசைபோல் இருபுறமும் வளைந்த சிறகுகளோடு வந்தன. அந்த ஆண்டு அட்லாண்டிக் கடந்த இருவர் பந்தயத்தில் அவற்றில் பெரும்பாலானவை முடிக்கவே இல்லை. வென்றது சிறகில்லாத பிஆர்பி. கேலி செய்தவர்கள் அடுத்த ஆண்டே வாயடைத்தார்கள். 2016-17 வாந்தே குளோபில் சிறகு பூட்டிய பாங்க் போப்புலேர் படகில் அர்மேல் லெ கிளேயாக் 74 நாள் 3 மணி நேரத்தில் வென்றார். இரண்டாமவர் அலெக்ஸ் தாம்சன் தென் அட்லாண்டிக்கிலேயே வலப்பக்கச் சிறகை இழந்தவர். அந்த ஊனத்தோடு உலகைச் சுற்றி வந்தும் 16 மணி நேரமே பின்தங்கினார். சிறகின் வலிமைக்கும் அதன் மென்மைக்கும் ஒருசேர இதைவிட நல்ல சாட்சி இல்லை.

2020-21 பந்தயம் எதிர்பார்ப்பைப் புரட்டிப் போட்டது. சிறகுகள் முன்னதைவிடப் பெரிதாகியிருந்தன. சாதனை நொறுங்கும் என்று எல்லோரும் எழுதினார்கள். முதல் படகு வந்து சேரவே 80 நாள் ஆயிற்று. தாமா ருயியாங்கின் படகு இடச் சிறகை இழந்தது. சார்லி தாலாவின் இடச் சிறகைத் தாங்கும் அமைப்பு சேதமுற்றது. நவம்பர் 30-ல் கேப் டவுனுக்குத் தென்மேற்கே கெவின் எஸ்கோஃபியேயின் பிஆர்பி அலையில் இரண்டாக மடிந்தது. சிறகில்லாமல் கட்டப்பட்டு 2018-ல் சிறகு பூட்டப்பெற்ற அதே பழைய படகுதான். உயிர்காப்புப் பரிசலில் குதித்த அவரை இரவோடிரவாகத் தேடி மீட்டவர் ழான் லெ காம், வயது 61. அவருடைய படகில் நேர்ப் பலகைகளே இருந்தன. தேடுதலில் உதவிய மூவருக்கும் நேரச் சலுகை தரப்பட்டது. அதனால் முதலில் கோட்டைத் தொட்ட தாலாவுக்குப் பதில், பின்னால் வந்த யான்னிக் பெஸ்தாவன் வெற்றி பெற்றார். லெ காமுக்கு நான்காம் இடம்.

தாலா 2024-25-ல் மாசிஃப் படகில் திரும்பிவந்து 64 நாள் 19 மணி நேரத்தில் வென்றார். பழைய சாதனை ஒன்பது நாளுக்கும் மேலாகக் குறைந்தது. அதே பந்தயத்தில் செபாஸ்தியன் சிமோன் 24 மணி நேரத்தில் 615 கடல் மைல் ஓடினார்; பிறகு வலச் சிறகை உடைத்துக்கொண்டும் மூன்றாவதாக வந்தார். நேர்ப் பலகைப் படகுகளில் முதலில் முடித்த பெஞ்சமின் ஃபெரேவுக்கு ஏறத்தாழ 85 நாள் ஆயிற்று. இருபது நாள் வித்தியாசம்! ஒரே கடல், ஒரே பருவம், ஒரே நீளப் படகு.

பறக்கும் படகுக்குள் ஒருவர்

இமோக்கா விதிகள் சுக்கானில் கிடைமட்டச் சிறகு வைக்க அனுமதிப்பதில்லை. விமானத்துக்கு முன்சிறகு மட்டும் தந்து வாலை எடுத்துவிட்டதற்கு இது சமம். படகு எழும், மூக்கு நிமிரும், தாங்கல் தவறிச் சட்டென்று அலையில் அறையும். மணிக்கு 30 கடல் மைலுக்குமேல், அதாவது ஏறத்தாழ 55 கிலோமீட்டரில், இப்படி அறைபடும் கூட்டுக்குள் ஒருவர் இரண்டு மாதத்துக்கு மேல் உண்டு உறங்க வேண்டும். தலைக்கவசம் அணிகிறார்கள். கீழே விழாமலிருக்கத் தவழ்கிறார்கள். வெளித்தளத்தில் நின்று சுக்கான் பிடிக்கும் காட்சி ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஓட்டுவது தானியங்கி, படகோட்டி மூடிய அறைக்குள். சிறகுக்குள் பதித்த உணரிகள் விசை எல்லை மீறும்போது மணியடிக்கின்றன. முன்பு காற்றின் ஒலி மாறியதும் விழித்த படகோட்டி இப்போது இந்த மணிக்கு விழிக்கிறார். இது திறமைக் குறைவல்ல, வேறொரு திறமை. எவ்வளவு வேகம் போகலாம் என்பதைவிட எப்போது குறைக்க வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் பந்தயத்தைத் தீர்மானிக்கிறது.

மோதலும் புதிய அச்சம். மிதக்கும் மரமோ திமிங்கலமோ நீருக்கு வெளியே அகன்று நீளும் சிறகில் பட்டால், சிறகு உடைவதோடு அது உடலுக்குள் நுழையும் இடமும் கிழியக்கூடும்.

கோவாவில் கட்டிய படகுகள்

இந்தியாவில் தனிக் கடலோட்டத்துக்கு வித்திட்டவர் கடற்படை வைஸ் அட்மிரல் மனோகர் அவாதி. சாகர் பரிக்கிரமா என்ற அவரது திட்டத்துக்காகக் கோவாவில் ரத்னாகர் தண்டேகரின் படகுத் தளம் 56 அடி நீளமுள்ள மாதேய் படகைக் கட்டி 2009-ல் ஒப்படைத்தது. அதில் திலீப் தோண்டே 2009-10-ல் நான்கு துறைகளில் நின்று உலகைச் சுற்றினார். தனியாகச் சுற்றிய முதல் இந்தியர் அவர். அதே படகில் அபிலாஷ் டோமி 2012 நவம்பர் 1-ல் மும்பையிலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல் 2013 மார்ச் 31-ல் திரும்பினார். மாதேய் பந்தயப் படகு அல்ல. சிறகும் இல்லை, சாய்த்துத் திருப்பும் ஏராவும் இல்லை. பழுதானால் படகோட்டியே கையால் சரிசெய்யத்தக்க உறுதியான கலம். வெளிநாட்டு அனுபவமோ பெரும் விளம்பரப் பணமோ இல்லாத நாட்டுக்கு அதுவே பொருத்தமான தேர்வாகவும் இருந்தது.

1968 பந்தயத்தின் பொன்விழாவையொட்டி 2018-ல் கோல்டன் குளோப் மீண்டும் நடத்தப்பட்டது. விதிகள் வேண்டுமென்றே பழமையானவை: 32 முதல் 36 அடி, 1988-க்கு முந்தைய வடிவமைப்பு, நீண்ட ஏரா. செயற்கைக்கோள் வழிகாட்டி கூடாது. சூரியனையும் விண்மீனையும் செக்ஸ்டண்ட் கருவியால் அளந்தே இடம் அறிய வேண்டும். டோமிக்காகத் தண்டேகரின் தளம் சுஹைலியின் பிரதியாகத் துரியா என்ற மரப்படகைக் கட்டியது. பம்பாய்ப் படகின் வடிவம் ஐம்பதாண்டு கழித்துக் கோவாவில் மறுபிறவி எடுத்தது.

பழமை பாதுகாப்பு தரும் என்று நினைத்தவர்களுக்கு 2018 செப்டம்பர் 21 பதில் சொன்னது. தென் இந்தியப் பெருங்கடலில், பெர்த்திலிருந்து ஏறத்தாழ 1,900 கடல் மைல் தொலைவில், மூன்றாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்த துரியாவைப் புயலலை புரட்டிப் போட்டது. பாய்மரங்கள் முறிந்தன. டோமியின் முதுகெலும்பு உடைந்தது. எழ முடியாமல் படுக்கையில் கிடந்தபடியே சிறு குறுஞ்செய்திக் கருவியால் நிலையைத் தெரிவித்தார். காஞ்சிபுரத்துக்கு வடக்கே அரக்கோணத்தில் உள்ள ராஜாளி தளத்தைச் சேர்ந்த கடற்படையின் பி-8ஐ விமானம் மொரீஷியஸ் சென்று, அங்கிருந்து பறந்து துரியாவைக் கண்டது. அதே புயலில் பாய்மரம் இழந்த அயர்லாந்துப் போட்டியாளர் கிரெகர் மக்கக்கின் தற்காலிகப் பாயோடு அவரை நோக்கி வந்துகொண்டிருந்தார். செப்டம்பர் 24-ல் பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் ஒசிரிஸ் டோமியை மீட்டது. துரியா கடலிலேயே விடப்பட்டது. அந்தப் பந்தயத்தில் புறப்பட்டவர் 18 பேர், முடித்தவர் ஐவர். 2020-21 வாந்தே குளோபில் புறப்பட்ட 33 பேரில் 25 பேர் முடித்தார்கள். மெதுவான படகு புயலிலிருந்து விலகி ஓட முடியாது. வேகமான படகு பெரும்பாலும் புயலுக்கு முன்னால் ஓடித் தப்பிக்கொள்ளும். சிறகை வெறும் ஆடம்பரம் என்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

முதுகில் டைட்டானியக் கம்பிகள் பொருத்திய டோமி 2022 செப்டம்பரில் மறுபடி அதே பந்தயத்துக்குப் புறப்பட்டார். இம்முறை படகு பயானத், 36 அடி. புறப்பட்ட 16 பேரில் முழுப் பந்தயத்தை விதிப்படி முடித்தவர் மூவர். தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர், மூழ்கிய படகிலிருந்து தப்பிய சக போட்டியாளரை வழியில் மீட்டுவிட்டும், 2023 ஏப்ரல் 27-ல் முதலாவதாக வந்தார். தனியாள் உலகச் சுற்றுப் பந்தயத்தை வென்ற முதல் பெண் அவர். இரண்டு நாள் கழித்து டோமி வந்தார், 236 நாள். வந்து சேர்ந்த துறை லே சாப்ல்-தொலோன். பெஸ்தாவன் 80 நாளில் வந்த அதே கால்வாய்.

தாரிணி

கோவாத் தளத்தின் அடுத்த 56 அடிப் படகான தாரிணியில், டோமியிடம் பயிற்சி பெற்ற இரு கடற்படை அதிகாரிகள் 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. இது பந்தயமல்ல, இருவர் ஓட்டம்; ஃபிரிமேன்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய நான்கு துறைகளில் நின்றார்கள். தானியங்கியும் வானிலைக் கணிப்பும் உண்டு. சிறகு இல்லை. 2025 ஜனவரி 14-ல் தாலா பிரான்சில் கோட்டைத் தொட்டபோது, அவருக்கு ஐந்து வாரத்துக்கு மேல் முன்னதாகப் புறப்பட்டிருந்த தாரிணி தென் பசிபிக்கில் கேப் ஹார்னை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 2025 மே 29-ல் இருவரும் கோவா திரும்பினார்கள்.

சிறகின்மேல் ஓடும் வகைகள் ஒலிம்பிக்கிலும் வந்துவிட்டன. 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் நாக்ரா-17 ஈருடல் படகும், 2024 பாரிசில் சிறகுப் பலகைகளும் ஓடின. டோக்கியோவுக்குச் சென்ற சென்னையின் நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் மூவரும் போட்டியிட்டது சிறகில்லாத வகைகளில்.